ரெண்டு கட்டைச் சுருதி

“மாமா, நீங்க சாமி பாட்டு பாடறப்ப சாமி எங்க நின்னு கேக்கும்?”

மதிவதனி இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. திட்டக்குடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் மங்களூரில் ஒரு திருவிழாவுக்கு இன்னிசைக் குழுவின் வேன் போய்க்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே விரித்த ஜமுக்காளத்தில் அவள் படுத்திருந்தாள். அவள் அப்பா நல்லமுத்து டோலக்கை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பாடகர் குருமூர்த்தி சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

“முன்னாடி சேர்ல எல்லாம் ஒக்காராது புள்ள. அதுல ஊரு பெரியவங்க ஒக்காந்துருப்பாங்க. சாமி கடைசியில, டீக்கடைக்கு அந்தாண்ட நிக்கும். அது வரைக்கும் சத்தம் போவணும்ல? அதுக்கோசரந்தான் நான் ஒசத்திப் பாடறேன்.”

அந்தப் பதில் அப்போது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. இப்போது அவள் அதே குழுவில் கீபோர்டு வாசிக்கிறாள். குருமூர்த்தி இன்னும் உயர்த்தித்தான் பாட முயல்கிறார். தொண்டைதான் வர மறுக்கிறது.

விருத்தாசலத்தில் செராமிக் கொட்டகைகள் இருக்கும் பக்கம் காலை எட்டு மணிக்கே வெள்ளையாகிவிடும். சாலை, வேப்பமரத்து இலை, வாசலில் நிற்கும் சைக்கிள் எல்லாவற்றின் மேலும் மாவு தூவியதுபோல ஒரு பூச்சு. மாசி மாதத்தில் விடியற்காலைப் பனி அதை ஒட்ட வைத்துவிடும். வெயில் ஏறினால் மறுபடி பறக்கும். மாசி மகத்துக்கு முந்தின நாள் மதிவதனி கொட்டகைக்குப் போனபோது செல்வநாயகி ஏற்கெனவே உட்கார்ந்து வேலையைத் தொடங்கியிருந்தாள். செல்வநாயகி குருமூர்த்தியின் மனைவி. அச்சிலிருந்து எடுத்த பிள்ளையார் பொம்மைகள் அவளைச் சுற்றி வரிசையாக நின்றன. அச்சின் இரண்டு பாதியும் சேர்கிற இடத்தில் பொம்மையின் மேல் ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைப் பிளேடால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, கோடு இருந்ததே தெரியாமல் ஆக்க வேண்டும். அது செல்வநாயகியின் வேலை. சூளையில் வெந்து வந்த பிறகு கண்ணும் விபூதிப் பட்டையும் எழுதுவது மதிவதனியின் வேலை.

“சாப்ட்டியாடி?” என்றாள் செல்வநாயகி, தலை நிமிராமல்.

“ஆச்சு அத்த. மாமா எப்பிடி இருக்காரு?”

“இருக்காரு. ராத்திரி பூரா இருமல். காலைல எழுந்து சுக்கு, மிளகு, அதிமதுரம் எல்லாம் போட்டுக் கொதிக்க வச்சுக் குடுத்தேன். குடிச்சிட்டு ஒடனே ஆ…ன்னு ஆரம்பிச்சிட்டாரு. எதுத்த வூட்டுப் பாஞ்சாலை வந்து, யாருக்காச்சும் மேலுக்கு முடியலயான்னு கேக்கறா.”

மதிவதனிக்குச் சிரிப்பு வந்தது. செல்வநாயகிக்கும் வந்தது, ஆனால் உடனே நின்றுவிட்டது.

குருமூர்த்தி இருபது வருஷத்துக்கு மேல் சூளைக்குப் பொம்மை அடுக்கினவர். அந்தச் சூடும் தூசியும் நெஞ்சில் தங்கிவிட்டன. இனிமேல் சூளைப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லித் தீபாவளியோடு வேலையை விட்டார். அதன்பின் அவருக்கு வீட்டை விட்டு வெளியே கிளம்ப ஒரே காரணம்தான் இருந்தது. ராஜமாணிக்கத்தின் குழுவில் ஒவ்வொரு கச்சேரியிலும் முதல் பாட்டான சாமி பாட்டைப் பாடுவது. ஊர்க் கோயிலில் படியிறங்கிக் கும்பிட வேண்டிய ஆழத்துப் பிள்ளையார் மேல் ராஜமாணிக்கத்தின் தகப்பனார் கட்டின பாட்டு அது. மூன்றாவது அடியில் திடீரென்று மேலே ஏறும். அந்த இடத்தில் குருமூர்த்தி குரலை விட்டால் கடலைப் பொட்டலம் மடிக்கிறவன்கூடக் கையை நிறுத்துவான்.

தைப்பூசத்துக்கு நல்லூரில் அந்த இடத்தில் குரல் உடைந்தது. முன்னால் நின்ற பையன்கள் ஊளையிட்டார்கள். எவனோ செல்போனில் எடுத்தான். திட்டக்குடியிலிருந்து உளுந்தூர்பேட்டை வரைக்கும் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் எல்லோரும் ஒரே குடும்பம் மாதிரி. ஒரு குழுவுக்கு எலக்ட்ரானிக் டிரம் பேடு வாசிக்க ஆள் இல்லையென்றால் இன்னொரு குழு அனுப்பும். ஒயர் பத்தவில்லையென்றால் போட்டிக்காரனே பைக்கில் கொண்டுவந்து தருவான். யாருக்கு எந்தத் தேதியில் ஆள் வேண்டும் என்று பார்த்துச் சேர்த்து வைப்பதே மதிவதனியின் பாதி வேலை. அவள் போன் ஓயாது. அந்தக் குடும்பம் முழுக்க அந்த வீடியோவும் போய்ச் சேர்ந்தது.

“எல்லாரும் பாத்துட்டாங்கடி. எங்கூட்டுக்காரரு மட்டும் பாக்கல. அவரு போனுக்கு வந்தத நான்தான் அழிச்சேன்.” செல்வநாயகி பிளேடைக் கீழே வைத்தாள். “நீ சொல்லேன் மதி. கொஞ்சம் எறக்கிப் பாடச் சொல்லேன். நான் சொன்னா, ஒனக்கு ஒண்ணும் தெரியாது, கம்முனு இருங்கறாரு.”

“நான் சொன்னா கேப்பாரா அத்த?”

“நாளைக்கு அந்தப் பாட்டு போச்சுன்னா வருஷமே போச்சு. அந்த மனுஷன் செவுத்தப் பாத்துக்கிட்டு ஒக்காந்துருவாரு. எனக்கு அதான் பயமா இருக்குது.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெள்ளை இன்னும் பரவியது. “பள்ளத்துல எறங்கி ஒக்காந்துருக்கற புள்ளையாருக்கு ஒசத்திப் பாடணும்னு ஒங்க மாமாவுக்கு யாருதான் சொன்னாங்களோ?”

அவள் சொன்ன ‘வருஷம்’ அந்தக் குழுவின் வழக்கம். மாசி மகத்தன்று ஊரிலேயே நடக்கிற கச்சேரிதான் அவர்களுக்குப் பருவத்தின் முதல் கச்சேரி. அன்றைக்குச் சாமி பாட்டை யார் நல்லபடியாகப் பாடி முடிக்கிறாரோ அவர்தான் அடுத்த மாசி மகம் வரை எல்லா ஊரிலும் அதைப் பாடுவார். பல வருஷமாக அது குருமூர்த்திதான்.

அன்று சாயங்காலம் ராஜமாணிக்கத்தின் மைக் செட் கடை மாடியில் ஒத்திகை. தகரக் கூரையின் சூடு இறங்கியிருக்கவில்லை. ராஜமாணிக்கம் பனியனோடு உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். திட்டக்குடியிலிருந்து வந்த சேரன், புதிதாகச் சேர்ந்த பாடகன், ஒயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தான். குருமூர்த்தி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு மைக் முன்னால் நின்றார்.

“எந்தச் சுருதி மாமா?” என்று மதிவதனி கேட்கவில்லை. கேட்டால் அவருக்குக் கோபம் வரும். ரெண்டு கட்டை. எப்போதும் ரெண்டு கட்டைதான்.

முதல் அடி நன்றாக வந்தது. இரண்டாவது அடியும் வந்தது. மூன்றாவது அடியில் மேலே போனார். பாதியில் குரல் கிழிந்து, காற்று மட்டும் வந்தது. நல்லமுத்துவின் கை டோலக் மேல் அப்படியே நின்றது.

சேரன் சட்டென்று எழுந்தான். “மைக்குதாண்ணே. கேபிளு லூசு. கொரகொரன்னு வருது பாருங்க.” குனிந்து எதையோ பிடுங்கிச் சொருகினான். அந்தக் கேபிளில் ஒரு கோளாறும் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

“கேபிளு நல்லாத்தாண்டா இருக்குது” என்றார் குருமூர்த்தி. “ஒன் நல்ல மனசும் நல்லாத்தான் இருக்குது. ஒக்காரு.”

ராஜமாணிக்கம் தொண்டையைக் கனைத்தார். “குரு, நான் ஒண்ணு சொல்லட்டுமா?”

“சொல்லு.”

“ஒரு கட்டைக்கு எறக்கிக்க. யாருக்கு வித்தியாசம் தெரியப் போவுது? இப்ப பெரிய பெரிய ஆளுங்களே எறக்கித்தான் பாடறாங்க.”

“பாடட்டும்.”

“பெறவு என்னா?”

“எங்கப்பாவும் ஒங்கப்பாவும் சேந்து உண்டாக்கின குழு இது. ஒங்கப்பா இந்தப் பாட்ட ரெண்டு கட்டையில எனக்குச் சொல்லிக் குடுத்தாரு. சாமிகிட்ட போயி, எனக்கு வயசாயிடுச்சு, கொஞ்சம் கொறச்சுக்கன்னு பேரம் பேசச் சொல்றியா? எறக்கிப் பாடற சாமி பாட்டு எனக்கு வாணாம். சேரனப் பாடச் சொல்லு.”

“எனக்கும் வாணாம்ணே” என்றான் சேரன் மெதுவாக.

“ஒன்ன யாரும் கேக்கலடா” என்று ராஜமாணிக்கம் அதட்டினார். பிறகு நெடுநேரம் விசிறிக்கொண்டே இருந்தார். கடைசியில், “சரி. நாளைக்கு ஒரு தபா ரெண்டு கட்டையிலயே பாடு. நல்லா வந்துச்சுன்னா இந்த வருஷமும் நீதான். ஒடைஞ்சுதுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது குரு. நாளைக்குக் கச்சேரி பேசி முடிக்க மூணு ஊரு தர்மகர்த்தாங்க வந்து முன்னாடியே ஒக்காந்துருப்பாங்க. சேரன் பாடுவான்” என்றார்.

“நாயம்தான்” என்றார் குருமூர்த்தி.

குருமூர்த்தியும் அவளும் ஒரே தெருக்காரர்கள் என்பதால் மதிவதனி அவரோடுதான் நடந்தாள். கடைவீதியில் திருவிழாக் கடைகள் வந்துவிட்டன. பொரி, பேரீச்சம்பழம், வளையல், பிளாஸ்டிக் துப்பாக்கி. அவர் ஒவ்வொரு கடையாக நின்று நின்று வந்தார். வாங்குவதற்கில்லை, மூச்சு வாங்குவதற்கு. அது தெரியாத மாதிரி அவளும் வளையல் விலை கேட்டாள்.

“டீ குடிக்கலாமா மாமா?”

“பாலு வாணாம். சளி புடிக்கும். சுக்கு காப்பி இருந்தா சொல்லு.”

குடிக்கும்போது அவள் சொல்லிப் பார்த்தாள். “மாமா, ராஜமாணிக்கம் பெரியப்பா சொல்றதும்…”

“வா, நீயும் வா” என்று அவர் சிரித்தார். “ஒங்க அத்த அனுப்பினாளா?”

“அத்த ஒண்ணும் அனுப்பல.”

“பொய் சொன்னா ஒனக்குக் காது செவக்கும். சின்னப் புள்ளையிலேந்து பாக்கறேன்.” தம்ளரைக் கீழே வைத்தார். “நான் ஒன் வெரலப் பாத்துக்கிட்டேதான் பாடுவேன், தெரியுமா? நீ எந்தக் கீ மேல கைய வெக்கறன்னு பாத்துட்டுத்தான் வாயத் தொறப்பேன். வெரலு எடம் மாறுச்சுன்னா கண்டுபுடிச்சிருவேன். அதனால நீ ஒண்ணும் பண்ணாத. ஒடைஞ்சா ஒடையட்டும். அது எனக்கும் சாமிக்கும் உள்ளது.”

மதிவதனி தலையாட்டினாள். ஆனால் அன்று அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் திட்டக்குடி வந்தது.

அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். வழக்கமாக வாசிக்கிறவர் வரமுடியாமல் போனதால் அன்றுதான் முதன்முதலாக மேடையில் கீபோர்டு முன்னால் உட்காரவைத்தார்கள். பெண் பிள்ளை கையில் கொடுக்காதே என்று ராஜமாணிக்கம் எவ்வளவோ சொன்னார். நல்லமுத்துவும் தயங்கினார். குருமூர்த்திதான், அவ வாசிப்பா, உடுங்க என்றார். கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் விரல்கள் அதே கீயில் இருக்கும். சுருதி மட்டும் ஏறும், அல்லது இறங்கும். மைக் டெஸ்டில் ஒரு பெண் குரலுக்காக மூன்று படி ஏற்றினாள். அதைத் திரும்ப இறக்க மறந்துவிட்டாள். சாமி பாட்டு அந்த உயரத்திலேயே தொடங்கிவிட்டது.

முதல் அடியிலேயே குருமூர்த்திக்குத் தெரிந்துவிட்டது. கை காட்டிப் பாட்டை நிறுத்தியிருக்கலாம். திரும்பியாவது பார்த்திருக்கலாம். அவர் திரும்பவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, ஒரு மனிதன் போகக்கூடாத உயரத்துக்குப் போய்ப் பாடி முடித்தார். இறங்கி வந்ததும் ராஜமாணிக்கம் கத்தினார்: “யாருய்யா இப்பிடி ஏத்துனது? அந்தப் பொண்ணுகிட்ட குடுக்காதன்னு சொன்னேனா இல்லியா?”

“நான்தான்யா ஏத்தச் சொன்னேன்” என்றார் குருமூர்த்தி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே. “இன்னிக்கு தொண்ட நல்லா இருந்துச்சு.”

அவள் அதன் பிறகுதான் கீபோர்டின் சின்னத் திரையைப் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அன்று அவர் வேறு மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் மறுபடி எந்த மேடையிலும் உட்கார்ந்திருக்க மாட்டாள். நன்றி சொல்வதற்கும் வழி இல்லை. சொன்னால், அவர் மூடி வைத்ததைத் திறந்த மாதிரி ஆகும்.

மறுநாள் மாசி மகம். மணிமுத்தாற்றில் மணலுக்கு நடுவே ஓடிய கொஞ்சம் தண்ணீரில் ஊரே இறங்கியிருந்தது. எள்ளும் தர்ப்பையும் கையில் வைத்துக்கொண்டு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து ஊர்க் குழுக்காரர்களும் குளிக்க வந்திருந்தார்கள். மதிவதனியைப் பார்த்ததும் ஒவ்வொருவரும் ஒரு தேதி சொன்னார்கள், ஒரு ஆள் கேட்டார்கள். போகும்போது எல்லோரும் அதையே கேட்டார்கள்: “குருண்ணன் பாடறாரா இன்னிக்கு?” கேட்ட விதத்தில் ஏளனம் இல்லை. அதுதான் அவளை இன்னும் படபடக்க வைத்தது. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தாள், மறுபடி போனாள். மதியம் முருங்கைக்கீரை சாம்பாரும் சோறும் போட்டு வைத்து, இரண்டு வாய்க்கு மேல் இறங்காமல் எழுந்துவிட்டாள். கோயிலுக்குப் போய் ஆழத்துப் பிள்ளையார் சன்னதியில் படியிறங்கி நின்றாள். கூட்டம் தள்ளியது. என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. ஒரு மனிதரை ஏமாற்ற உதவி கேட்பதா? கண்ணை மூடுவதற்குள் பின்னாலிருந்து ஒரு பெண், “நவுருமா, நாங்களும் பாக்கவாணாமா?” என்றாள். நகர்ந்துவிட்டாள்.

இருட்டத் தொடங்கியபோது சன்னதி வீதி மேடையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். நல்லமுத்து டோலக், ஒரு பையன் பேடு, அவள் கீபோர்டு. சுருதி சேர்க்க வேண்டிய வாத்தியம் அது ஒன்றுதான். முன்வரிசையில் மூன்று ஊர்த் தர்மகர்த்தாக்கள். அவர்களுக்குப் பின்னால் செல்வநாயகி, தலை நிறையக் கனகாம்பரம். மேடை ஓரத்தில் குருமூர்த்தி சின்னச் சுருதிப்பெட்டியைக் காதோடு வைத்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்துகொண்டிருந்தது. ரெண்டு கட்டையைத் தலைக்குள் ஏற்றிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். அது அங்கே இருக்கும் வரை அவரை யாரும் ஏமாற்ற முடியாது. ஒரு விதத்தில் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. தன்னால் ஆவது ஒன்றுமில்லை.

ராஜமாணிக்கம் கற்பூரம் ஏற்றி மைக்குக்குக் காட்டினார். குருமூர்த்தி சுருதிப்பெட்டியை அணைத்துச் சேரனிடம் கொடுத்துவிட்டு நடுவில் வந்து நின்றார்.

அப்போதுதான் வீதி முனையில் அதிர்வேட்டு வெடித்தது. சாமி புறப்பாடு. நாதஸ்வரமும் தவிலும் நெருங்கி வந்தன. சாமி கடந்து போகிற வரைக்கும் கச்சேரி தொடங்கக் கூடாது. முன்வரிசை எழுந்தது. பின்னால் கூட்டம் எழுந்தது. நாதஸ்வரக்காரர் மேடைக்கு நேராக நின்று, ஊர் கேட்கட்டும் என்று, ஒரு நீண்ட பிடி பிடித்தார். அவருடைய சுருதி வேறு. அது வீதியின் சுவர்களில் மோதி எல்லோர் காதையும் நிரப்பியது. குருமூர்த்தி தலைக்குள் ஏற்றி வைத்திருந்த ரெண்டு கட்டை இனி அங்கே இருக்காது. குருமூர்த்தி செருப்பில்லாத காலைச் சேர்த்து வைத்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ராஜமாணிக்கம் கும்பிட்டார். சேரன், நல்லமுத்து, செல்வநாயகி, எல்லோரும் சாமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மதிவதனி ஒரு கையை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டாள். மன்னிச்சிரு என்று சொன்னாள். மற்றக் கையால் சுருதிப் பட்டனை இரண்டு தடவை கீழே அழுத்தினாள். இரண்டு படி இறங்கி, ரெண்டு கட்டை ஒரு கட்டை ஆயிற்று.

தவில் சத்தம் அடுத்த வீதிக்குத் திரும்பித் தேய்ந்தது. கூட்டம் மறுபடி உட்கார்ந்தது. குருமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, திரும்பி, அவள் கையைப் பார்த்தார். அவள் எப்போதும் வைக்கிற அதே கீயில் விரலை வைத்தாள். ஒலி எழுந்தது. அவர் தலை ஒரு கணம் சாய்ந்த மாதிரி இருந்தது. பிறகு அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

முதல் அடி. இரண்டாவது அடி. அவள் விரலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. மூன்றாவது அடி. குரல் ஏறியது. பழைய குரல் இல்லை. ஓரத்தில் கொஞ்சம் கரகரப்பு இருந்தது. ஆனால் உடையவில்லை. ஏறி, அங்கேயே நின்றது, தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே நின்றது. பின்னால் யாரோ ஒரு ஆள், “அண்ணே!” என்று கத்தினார். கைதட்டல் எழுந்தது. செல்வநாயகி தட்டவில்லை, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிந்ததும் ராஜமாணிக்கம் ஓடி வந்து குருமூர்த்தியின் தோளில் துண்டைப் போட்டார். “யோவ், ரெண்டு கட்டைதான்யா நீ! நேத்து என்னாத்துக்குய்யா என்னப் பயமுறுத்துன?”

“நான் எங்கய்யா பயமுறுத்துனேன்? இன்னிக்கு தொண்ட நல்லா இருந்துச்சு” என்றார் குருமூர்த்தி.

அதைச் சொல்லும்போது அவர் மதிவதனியின் பக்கம் பார்க்கவில்லை. சேரன் நீட்டிய வெந்நீரை வாங்கிக் குடித்துவிட்டு, மேடையின் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி, செல்வநாயகி நின்ற இடத்துக்குப் போனார்.

சேரன் மைக்கைக் கையில் எடுத்தான். அடுத்த பாட்டின் பெயரைச் சொன்னான். கூட்டம் விசிலடித்தது. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். மதிவதனி குனிந்து பட்டனை இரண்டு தடவை மேலே அழுத்தினாள். சின்னத் திரையில் பூஜ்யம் வந்து நின்றது.